முதல் வண்டி

ஒரு குடும்பத்துக்கு முதன்முதலாக வாகனமொன்று வந்து சேரும் நாள், திருமண நாளுக்கும் குடிபுகும் நாளுக்கும் அடுத்ததாக வைத்து எண்ணத்தக்கதாகும். நகரத்தில் வாழ்வோர் இதனை மிகையெனக் கருதக்கூடும். பாடசாலைக்கும் ஆசுபத்திரிக்கும் கடைத்தெருவுக்கும் கால்நடையாகவே சென்று பழகிய தோட்டப்புற மக்கள் அவ்வாறு கருதமாட்டார்கள். அத்தகைய குடும்பமொன்றில் முதற் காரைத் தேர்ந்துகொடுக்கும் பொறுப்பு 2025 ஆம் ஆண்டில் என்மேல் விழுந்தது. பத்தொன்பது வயதினன் ஒருவன், சாரதி அனுமதிப்பத்திரம் பெற்று மூன்று மாதமும் நிறையாதவன், பாவித்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின்மேல் உள்ளத்தைப் பறிகொடுத்து நின்றான். அவ்வண்டி அவனுக்கு ஏற்றதா என்பதே வினா. எளிய வினாவென்று எண்ணிக்கொண்டே நான் கண்டியிலிருந்து கலவானைக்குப் பஸ் ஏறினேன். திரும்பி வரும்பொழுது அவ்வெண்ணம் என்னிடம் இருக்கவில்லை.

அவன் என் அக்காளின் இளைய மகன். அத்தான் முப்பது ஆண்டுகள் கொழுந்து லொறி ஓட்டியவர். தோட்டத்து மடுவங்களிலிருந்து கொழுந்தை ஏற்றித் தொழிற்சாலையில் இறக்குவதும், தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக்குக் கொண்டு செல்வதும் அவர் தொழில். இத்தனை ஆண்டுகளாகப் பிறருடைய சில்லுகளையே உருட்டிய அம்மனிதருக்குச் சொந்தமாக ஒரு துவிச்சக்கர வண்டிதானும் இருந்ததில்லை. ஓய்வுபெற்றபொழுது கிடைத்த சேமலாப நிதியும், கட்டாரில் உழைக்கும் மூத்த மகன் அனுப்பிய பணமும் சேர்ந்து ஒரு கார் வாங்கும் அளவுக்கு உயர்ந்தன. இளையவன் உயர்தரப் பரீட்சையில் தேறி, இரத்தினபுரியில் ஒரு பயிற்சிநெறிக்குச் சேர்ந்திருந்தான். நாள்தோறும் போய்வர வேண்டும். வயது முதிர்ந்த என் தாயாரை மாதம் ஒருமுறை வைத்தியரிடம் அழைத்துச் செல்லவும் வேண்டும். ஆகவே கார் வாங்குவதென்று முடிவாயிற்று.

மருமகன் கண்டுவைத்திருந்த கார் இரத்தினபுரியில், மாணிக்க வியாபாரி ஒருவர் வீட்டுக் கொட்டகையில் நின்றது. ஸ்போர்ட்ஸ் கார் என்று நம் நாட்டில் வழங்குவது பெரும்பாலும் பந்தயத்துக்கென்றே செய்யப்பட்ட வண்டியன்று. 1990களில் யப்பானிய இளைஞரைக் கருதிச் செய்யப்பெற்று, அங்கே சில காலம் ஓடி, பின்னர் கப்பலேறி இங்கு வந்திறங்கிய இருகதவுக் கார்களையே அப்பெயர் குறிக்கின்றது. இதுவும் அத்தகையதே. சிவப்பு நிறம், தாழ்ந்த உடல், 1600 கன சென்ரிமீற்றர் இயந்திரம், ஏறத்தாழ 160 குதிரை வலு, எடை ஒரு தொன்னுக்குச் சற்று மேல். விலையைக் கேட்டபொழுது எனக்கு வியப்பாக இருந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறந்துவிடப்பட்டது. அவ்வைந்தாண்டுக் காலத்தில் நாட்டிலுள்ள பழைய வண்டிகள் யாவும் விலையேறின. சாதாரணக் குடும்பக் கார் ஒன்றின் விலைக்கும் இதன் விலைக்கும் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. எனவே, பணம் போதாது என்று சொல்லித் தப்பிக்கொள்ளும் வழி எங்களுக்கு அடைபட்டிருந்தது.

அத்தான் என்னை அழைத்ததற்குக் காரணம் இருந்தது. “நான் வேணாம்னா பழைய காலத்து ஆளு பேசுறாருன்னு நெனைப்பான். நீ பௌதிகம் படிச்சுக் குடுக்கிறவன். நீ சொன்னாக் கேப்பான்” என்றார். பாடசாலையில் பௌதிகவியல் கற்பிப்பவனும், பதினெட்டு ஆண்டுகள் கார் செலுத்தியவனுமாகிய என்னை அவர் நடுவராக வைத்தார். நடுவன் என்பவன் எப்பக்கமும் சாராதவனாக இருத்தல் வேண்டும். நான் அவ்வாறு இருந்தேனா என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

அந்த இளைஞனின் விருப்பத்தை எள்ளி நகையாடுவோர் உளர். ஊதாரித்தனம் என்பர், படக்காட்சியின் மயக்கம் என்பர். நான் அவ்வாறு சொல்லமாட்டேன். எங்கள் தோட்டத்துப் பாதை துரைமாருக்காகவும் தேயிலைப் பெட்டிகளுக்காகவும் வெட்டப்பட்டது. அப்பாதையில் துரையின் மோட்டார் வரும் ஓசை கேட்டால், கொழுந்துக் கூடையுடன் நடப்போர் கானின் ஓரத்துக்கு ஒதுங்குவர். மழைக்காலமாயின் சேறு அவர்கள் மேல் தெறிக்கும். என் பாட்டனார் ஒதுங்கினார். என் தந்தையார் ஒதுங்கினார். சிறுவயதில் நானும் ஒதுங்கினேன். அந்தப் பாதையில் எங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவன், பார்த்தவர் மீண்டும் திரும்பிப் பார்க்கும் காரொன்றில் வரவேண்டும் என்று விரும்புவதில் பிழையென்ன இருக்கின்றது? அவ்விருப்பம் சிவப்பு வர்ணத்தின்மேல் மட்டும் பிறந்ததன்று. மூன்று தலைமுறையாகக் கானோரம் நின்றவர்களின் விருப்பம் அது.

இதனாலேயே நான் நடுவனாக இருக்கவில்லை. கொட்டகையின் கதவு திறந்து அந்த வண்டியை முதன்முதல் கண்டபொழுது, மருமகனுக்கு முன்னதாக என் கை அதன் கூரையைத் தடவிற்று. பத்தொன்பது வயதில் எனக்குக் கிட்டாத ஒன்று அங்கே நின்றது. வாங்கலாம் என்று சொல்வதற்குரிய காரணங்களை என் மனம் அப்பொழுதே அடுக்கத் தொடங்கிவிட்டது. நல்ல பிறேக் உள்ள வண்டி, வளைவில் உருளாது, பாதையை இறுகப் பற்றும், ஆகவே ஒருவகையில் இதுவே பாதுகாப்பானது. இத்தகைய வாதங்களைப் பையனே எனக்கு முன்பு சொல்லியிருந்தான். அவற்றை இப்பொழுது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஓட்டிப் பார்ப்பதற்கு உரிமையாளர் இசைந்தார். நிவித்திகல வழியாகக் கலவான வரை சென்று திரும்புவதென்று ஏற்பாடு. நான் செலுத்தினேன். மருமகன் அருகில் இருந்தான். அத்தான் முன்னிருக்கையை மடித்து, உடலைக் குறுக்கி, பின்னால் ஏறி அமர்ந்தார். என் தாயாரை இந்த வண்டியின் பின்னிருக்கையில் எவ்வாறு ஏற்றுவது என்ற எண்ணம் அக்கணமே எழுந்தது. ஆயின் இயந்திரம் உறுமிய ஒலியில் அது அமிழ்ந்து போயிற்று.

அவ்வழியை அறியாதவர்க்கு அதனைப் பற்றிச் சிறிது சொல்லுதல் தகும். இரத்தினபுரி மாவட்டம் நாட்டின் ஈரவலயத்தில் மிகுந்த மழை பெறும் பகுதிகளுள் ஒன்று. இரத்தினபுரி நகரில் ஆண்டொன்றுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகின்றது. கலவானைக்கு அப்பால், வெத்தாகல வழியே குடாவைக்குச் சென்றால், 1988 இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட சிங்கராஜ வனத்தை அடையலாம். அங்கே மழை இதனினும் மிகுதி. 2017 மே மாதப் பெருமழையில் வெள்ளமும் மண்சரிவுமாக நாட்டில் 200க்கும் மேற்பட்டோர் மாண்டபொழுது, கலவானப் பகுதியும் பெருந்துயருற்றது. இத்தகைய மண்ணிலே பாதை ஒருபுறம் மலையையும் மறுபுறம் பள்ளத்தையும் கொண்டு வளைந்து வளைந்து செல்கின்றது. தேயிலைத் தோட்டமும் இறப்பர்க் காடும் வயலும் மாறி மாறி வரும். இறப்பர் மரங்களின் கீழ் வெயில் படாத இடங்களில் பாதை நண்பகல் வரை ஈரமாகவே கிடக்கும். கலவானத் தொகுதியின் பெயரை நாடறியச் செய்த பாராளுமன்ற உறுப்பினர் சரத் முத்தெட்டுவேகம 1986 இல் வாகன விபத்தொன்றிலேயே உயிரிழந்தார். அச்செய்தியை எங்கள் வீட்டுப் பெரியோர் பாதையைப் பற்றிப் பேசும்பொழுதெல்லாம் நினைவுகூர்வதுண்டு.

அன்று காலை பெய்த மழை விட்டிருந்தது. வண்டி அம்பு போலச் சென்றது. எனக்குப் பெருமகிழ்ச்சி. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் செல்வதாக எண்ணிக்கொண்டு மானியைப் பார்த்தேன். முள் 60ஐக் கடந்திருந்தது. என்னுடைய பழைய காரில் அவ்வேகத்தில் சென்றால் கண்ணாடிகள் அதிரும், காற்று இரையும், வளைவில் உடல் சாயும். இதில் அவை ஒன்றுமே இல்லை. மருமகன் என்னைப் பார்த்து முறுவலித்தான். நானும் முறுவலித்தேன்.

இறப்பர்க் காட்டின் நிழலில் இடப்புறமாகத் திரும்பும் முடக்கு ஒன்று வந்தது. அதன் நடுவிலே, எதிரே முச்சக்கர வண்டியொன்று பாதையின் மத்தியில் வரக் கண்டேன். என் கால் பெற்றோல் மிதியினின்று சட்டென்று உயர்ந்தது. அவ்வளவுதான். வண்டியின் பின்புறம் எங்களைக் கேளாமலே வலப்பக்கமாக நகர்ந்தது. சக்கரத்தைத் திருப்பினேன், எவ்வளவு திருப்பினேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. முச்சக்கர வண்டிக்காரர் மறுபுற விளிம்பு வரை ஒதுங்கிக் கடந்து போனார். எங்கள் வண்டி குறுக்காகத் திரும்பி, மலைப்பக்கத்துக் கானில் ஒரு சில்லை இறக்கிக்கொண்டு நின்றது. எவர்க்கும் காயமில்லை. வண்டியிலும் கீறல் இல்லை. முடக்கு எதிர்த்திசையில் வளைந்திருந்தால் பள்ளத்துப் பக்கமாகப் போயிருப்போம்.

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் மருமகன் மெல்லிய குரலில், “மாமா, அது நீங்க செஞ்சதா, வண்டி செஞ்சதா?” என்று கேட்டான்.

அவ்வினாவுக்கு என்னால் விடைகூற இயலவில்லை. பதினெட்டு ஆண்டு அனுபவமும் பௌதிகவியற் பட்டமும் உள்ள எனக்கு, நடந்த பிழை என் காலினதா வண்டியினதா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இக்கட்டுரையில் நான் சொல்லவந்த செய்தி இந்த ஒரு நிகழ்ச்சியிலே அடங்கியுள்ளது. எஞ்சியவை அதற்குரிய விளக்கமே.

அத்தான் இறங்கிச் சென்று பின்சில்லின் அருகே குந்தினார். டயரின் பள்ளங்கள் ஆழமாக, புதியன போலவே இருந்தன. அவர் பள்ளங்களைப் பாராமல், டயரின் பக்கச் சுவரில் இருந்த எழுத்துகளை விரலால் துடைத்துப் படித்தார். நான்கு இலக்கங்கள்: 2411. முதலிரண்டும் கிழமையையும் பின்னிரண்டும் ஆண்டையும் குறிப்பன. 2011 ஆம் ஆண்டின் 24 ஆம் கிழமையில் செய்யப்பட்ட டயர் அது. பதினான்கு ஆண்டுகள் கடந்துவிட்டன. கார் மிகுதியும் கொட்டகையிலேயே நின்றமையால் டயர் தேயவில்லை. 2022 இல் பெற்றோல் பஞ்சம் ஏற்பட்டு, கார் ஒன்றுக்கு வாரம் 20 லீற்றர் என்று பங்கிட்டுக் கொடுத்த காலத்தில் அது நகரவேயில்லை என்று உரிமையாளர் பெருமையாகச் சொல்லியிருந்தார். குறைந்த தூரமே ஓடியது என்பதை நாங்கள் அதன் சிறப்பாகக் கொண்டோம். உண்மையில் அதுவே அதன் நோயாக இருந்தது.

இறப்பரைப் பற்றி எங்கள் வீட்டாருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் தாயார் இருபது ஆண்டுகள் பால் வெட்டியவர். விடியுமுன் எழுந்து, வெயில் ஏறுமுன் மரங்களை வெட்டி, பாலைச் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மழை பெய்தால் அன்று வெட்டு இல்லை. பால் உறைந்து தட்டாகும். தட்டு புகையில் காயும். 1876 இல் பிரேசிலின் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, கம்பகாவின் ஹெனரத்கொடப் பூங்காவில் ஊன்றப்பட்ட நாள்முதல், இந்நாட்டின் தெற்குச் சரிவுகளில் எத்தனையோ குடும்பங்கள் அப்பாலை நம்பி வாழ்ந்துள்ளன. “பழைய றப்பர் பாக்க நல்லாத்தான் இருக்கும். கையால அமுக்கிப் பாரு, அப்பத் தெரியும்” என்று தாயார் சொல்வதுண்டு. காற்றும் வெப்பமும் காலமும் இறப்பரை இறுக வைக்கின்றன. இறுகிய டயர் காய்ந்த பாதையில் ஓரளவு ஒட்டும், ஈரத்தில் வழுக்கும். அறிந்த செய்திதான். அறிந்திருந்தும், சிவப்பு வர்ணத்தைப் பார்த்த நான் டயரைப் பார்க்கவில்லை.

டயர்தானே குற்றம், நான்கு புதிய டயர் போட்டால் தீராதா என்று மருமகன் கேட்டான். நியாயமான கேள்வி. அன்றிரவு அக்காளின் வீட்டுத் திண்ணையிலிருந்து, ஒரு தாளில் அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

வளைவொன்றில் வண்டி வழுக்காமல் செல்லக்கூடிய உச்ச வேகத்தைத் தீர்மானிப்பவை இரண்டே: வளைவின் ஆரை, டயருக்கும் பாதைக்கும் இடையேயுள்ள உராய்வு. ஆரை 25 மீற்றரும் உராய்வுக் குணகம் 0.7உம் ஆயின் அவ்வேகம் மணிக்கு ஏறத்தாழ 47 கிலோமீற்றர். பாதை நனைந்து குணகம் 0.4 ஆகக் குறைந்தால் அது 36 கிலோமீற்றர் ஆகின்றது. இச்சமன்பாட்டில் குதிரை வலுவுக்கு இடமே இல்லை. 160 குதிரை வலுவுள்ள வண்டிக்கும் 40 குதிரை வலுவுள்ள வண்டிக்கும் அந்த முடக்கு ஒரே நீதியையே வழங்குகின்றது. வலு செய்வதெல்லாம் ஒன்றே: ஒரு முடக்கிலிருந்து அடுத்த முடக்கை அடையும்பொழுது வண்டியைக் கூடிய வேகத்தில் கொண்டுபோய் நிறுத்துகின்றது. 40 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டியை நிறுத்தச் செலவாகும் சக்தியைக் காட்டிலும், 60 கிலோமீற்றரில் வருவதை நிறுத்த இரண்டேகால் மடங்கு சக்தி வேண்டும். அன்றியும், 60 கிலோமீற்றரில் செல்பவன் ஒரு வினாடி திகைத்தால், பிறேக்கில் கால் வைக்குமுன்னரே வண்டி ஏறத்தாழ 17 மீற்றர் சென்றுவிடும். கலவானப் பாதையில் 17 மீற்றர் நேராகச் செல்லும் இடங்கள் எத்தனை என்று அவனையே எண்ணச் சொன்னேன்.

பிற நாடுகளில் இதற்கென்று சட்டம் செய்திருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா முதலிய மாநிலங்களில், புதிதாக அனுமதிப்பத்திரம் பெற்றோர் ஒரு தொன் எடைக்கு 130 கிலோவாட்டுக்கு மேல் வலுவுள்ள காரைச் செலுத்த முடியாது. நியூசிலாந்து 1987 இல், இளஞ்சாரதியர் இரவில் தனியே செலுத்துவதையும் நண்பர்களை ஏற்றிச் செல்வதையும் முதற்கட்டத்தில் கட்டுப்படுத்தும் படிமுறை அனுமதியைக் கொண்டுவந்தது. இளைஞன் ஒருவன் தனித்துச் செல்லும்பொழுது இருப்பதைவிட, ஒத்த வயதினரை ஏற்றிச் செல்லும்பொழுது ஆபத்து மிகுகின்றது என்பது பல ஆய்வுகளில் வெளிப்பட்ட உண்மை. நம் நாட்டிலோ பதினெட்டு வயது நிறைந்து இலகு வாகன அனுமதி பெற்றவன், எவ்வளவு வலுவுள்ள காரையும் அதே அட்டையைக் கொண்டு செலுத்தலாம். உலகில் 5 முதல் 29 வயது வரையுள்ளோர் இறப்புக்கு வீதி விபத்துகளே முதற் காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அக்கூற்றை வாசிக்கும்பொழுது இந்தச் சட்டங்களின் பொருள் விளங்கும்.

ஆயினும் நேர்மையாகச் சொல்லவேண்டிய ஒன்றுண்டு. அந்தச் சிவப்புக் காரின் வலுவை அவுஸ்திரேலிய அளவுகோலால் அளந்து பார்த்தேன். தொன்னுக்கு 115 கிலோவாட் அளவே வந்தது. அதாவது, அச்சட்டப்படி அது தடைப்படாது! மருமகன் துள்ளிக் குதித்தான். என் வாதம் இவ்விடத்தில் முறிந்துபோயிற்று என்றே முதலில் எண்ணினேன். பின்னர்தான், வலு ஒன்றையே பற்றிக்கொண்டு நான் வாதிட்டது பிழை என்பது புலனாயிற்று. அன்று முடக்கில் எங்களைத் திருப்பியது வலு அன்று. நான் பெற்றோல் மிதியை அழுத்தவே இல்லை.

அப்படியானால் குறை எங்கே உள்ளது? இதனை எனக்கு விளக்கியவர் அத்தான். அதுவரை தூணில் சாய்ந்து பேசாதிருந்தவர், “லொறி ஏமாத்தாது தம்பி. வேகம் கூடுனா அதுவே கத்தும், ஆடும், பாரம் சாயும். எனக்கு முடியலன்னு சொல்லும். நாம பயந்து காலை எடுப்போம். இந்தக் காரு ஒண்ணுமே சொல்லல. சொல்லாமலே விட்டுருச்சு” என்றார்.

முப்பது ஆண்டுத் தொழிலின் சாரம் அது. வாகனம் செலுத்தப் பழகுதல் என்பது கியர் மாற்றவும் சக்கரம் திருப்பவும் கற்பது மாத்திரமன்று. வண்டி தரும் எச்சரிக்கைகளைக் கேட்கப் பழகுவதே அதன் பெரும்பகுதி. சாதாரணக் கார் சிறு பிழைக்கே முணுமுணுக்கின்றது. குறைந்த வேகத்திலேயே சாய்ந்து காட்டுகின்றது. ஆதலால் புதியவன் சிறிய விலை கொடுத்துப் பாடம் கற்கின்றான். ஸ்போர்ட்ஸ் காரோ அந்த முணுமுணுப்பு எழாதவாறு செய்யப்பட்டது. திறமையானவன் கையில் அது குணம். புதியவன் கையில் அதுவே குற்றம். அவனுடைய பிழைகளையெல்லாம் அது பொறுத்துக்கொண்டே சென்று, பொறுக்க இயலாத எல்லையில் ஒரே முறையில் கைவிடுகின்றது. அவ்வெல்லைக்கு முன் அவன் எதனையும் கற்றிருக்கமாட்டான்.

பாவித்த வண்டியாயின் இத்துன்பம் இரட்டிக்கின்றது. முன்னைய உரிமையாளர்கள் எவ்வாறு ஓட்டினர், எங்கே மோதினர், எதை மாற்றினர், எதை மாற்றாமல் விட்டனர் என்பவை அதன் உடம்பிலே எழுதப்பட்டிருக்கும். அமைதியாக ஓட்டுவதற்கென்று எவரும் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவதில்லை. டயர் முதிர்ந்திருக்கலாம், பிறேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சியிருக்கலாம், சுருள்வில்லைக் குறுக்கி வண்டியைத் தாழ்த்தியிருக்கலாம். அனுபவமுள்ளவன் இவற்றைத் தன் பழக்கத்தோடு ஒப்பிட்டுக் கண்டுகொள்வான். புதியவனிடம் ஒப்பிடுவதற்கு எதுவும் இல்லை. தவறு நேரும்பொழுது அது தன்னுடையதா வண்டியினுடையதா என்று அவனுக்குத் தெரியாது. தன்னுடைய தவறை வண்டியின்மேல் ஏற்றிக் கவலையின்றி இருப்பான். அல்லது வண்டியின் தவறைத் தன்மேல் ஏற்றிக்கொண்டு அஞ்சுவான். இரண்டிலும் அவன் நல்ல சாரதியாவதற்கு வழியில்லை. மருமகன் அன்று கேட்ட வினாவுக்கு விடைகாணும் தகுதி ஒருவனுக்கு வரும்வரை, அவ்வினாவை எழுப்பும் வண்டி அவனுக்கு உரியதன்று.

இன்னொன்றும் உண்டு. வண்டி வழுக்கத் தொடங்கியவுடன் தனித்தனிச் சில்லுக்குப் பிறேக் பிடித்து நேர்ப்படுத்தும் மின்னணுக் கட்டுப்பாட்டு முறை 1995 இல் வெளிவந்தது. அமெரிக்காவில் 2012 ஆம் ஆண்டு மாதிரிகள்தொட்டும், ஐரோப்பாவில் 2014 முடிவில் எல்லாப் புதிய கார்களிலும் அது கட்டாயமாயிற்று. 1990களின் மலிவான ஸ்போர்ட்ஸ் கார்களில் அது இல்லை. தவறு செய்யும் வாய்ப்பு மிகுந்தவனுக்கு, தவறைத் திருத்தும் கருவி அற்ற வண்டியைக் கொடுப்பது என்ன அறிவுடைமை?

அக்காள் இவ்வளவையும் கேட்டுவிட்டு, “அப்ப இருக்கிறதிலேயே சின்னக் காரா வாங்கிருவோம்” என்றாள். அதற்கும் நான் உடன்படவில்லை. மிகச் சிறிய பழைய கார் வேகத்தினின்று காப்பது மெய். ஆயின் எதிரே பஸ்ஸோ டிப்பரோ மோதினால், தகரம்போன்ற அதன் உடல் என்ன செய்யும்? தன் பிழையினின்று பிள்ளையைக் காக்க விரும்பும் நாம், பிறர் பிழையினின்றும் காக்க வேண்டுமன்றோ? நடுத்தரமான எடை, நான்கு கதவு, காற்றுப்பை, சில்லு இறுகாமல் தடுக்கும் பிறேக், எவர் கண்ணையும் கவராத நிறம், இவையே முதற் காருக்குரிய இலட்சணங்கள் என்று தாளின் அடியில் எழுதினேன். மருமகன் அதைப் படித்துவிட்டு எழுந்து உள்ளே சென்றான். அன்றிரவு அவன் உண்ணவில்லை.

அவன் கோபம் நியாயமானது என்பதை நான் மறுக்கவில்லை. வேகத்தின்மேல் உள்ள காதலைக் குற்றமென்று கூறி அடக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்குரிய இடம் வேறு என்பதே என் கருத்து. நுவரெலியாவில் மகாகஸ்தொட்டைத் தோட்டத்துப் பாதையில் 1934 இல் மலையேற்ற மோட்டார்ப் பந்தயம் தொடங்கிற்று. தோட்டப் பாதைதான், எனினும் அன்றைக்கு அது மூடப்படும், எதிரே வருவோர் இரார், ஒரு வேளையில் ஒரு வண்டியே ஏறும். வேகத்தை விரும்புவோரே அதற்கு இத்தனை வேலி போட்டிருக்கின்றனர். அவ்வேலியும் எப்பொழுதும் போதுவதில்லை. 2024 ஏப்பிரல் 21 இல் தியத்தலாவையில் நடைபெற்ற பொக்ஸ் ஹில் பந்தயத்தில், தடத்தை விட்டு விலகிய கார் பார்வையாளரிடையே பாய்ந்து ஏழு உயிர்களைக் கொண்டது. பயின்றவர்கள், பந்தயத்துக்கென்றே அமைத்த தடத்தில் செலுத்திய வேளையில் நிகழ்ந்தது அது. கொழுந்துக் கூடையோடு பெண்கள் நடக்கும் பாதையில், பாடசாலைப் பிள்ளைகள் வரிசையாக வரும் பாதையில், மூன்று மாதச் சாரதி ஒருவன் எதை நம்பி வேகம் கொள்வது?

எண்ணிப் பார்த்தால், அன்று முடக்கில் எங்களுக்கு எதிரே முச்சக்கர வண்டி வந்ததற்குப் பதிலாகக் கானோரம் ஒருவர் நடந்து வந்திருக்கலாம். வண்டி சென்று நின்ற இடம் அந்தக் கான்தான். மோட்டாரின் ஓசை கேட்டவுடன் ஒதுங்கி நின்று எங்கள் முன்னோர் உயிர்காத்த அதே இடம். எங்கள் பெருமைக்காக வாங்கவிருந்த வண்டியால், எங்களைப் போன்ற ஒருவரை அவ்விடத்தில் வீழ்த்தியிருப்போம். இந்த நினைவே என் ஆசையை அடக்கிற்று. சமன்பாடுகள் அதற்குப் பின்னர் வந்த துணையே.

முடிவில் அவர்கள் வாங்கியது சாம்பல் நிறத்து நான்கு கதவுக் கார். நான் எழுதிய இலட்சணங்கள் யாவும் அதில் உள. அத்தான் பழகிய கராஜ் பாஸ் ஒருவரைக் கூட்டிச் சென்று, அடியில் படுத்துப் பார்க்கச் செய்த பின்னரே பணம் கொடுத்தார். காரின் முன்னே தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தைச் சில்லின் கீழ் வைத்து, தாயாரை முன்னிருக்கையில் ஏற்றித் தோட்டத்துக் கோயில் வரை சென்று வந்தனர். பாதையில் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று மருமகன் பின்னர் என்னிடம் குறைபட்டுக்கொண்டான். தாயாரோ கண்ணாடியை இறக்கிவிட்டு, தெரிந்தவர் ஒவ்வொருவரையும் பெயர்சொல்லி அழைத்தவாறே சென்றாராம்.

மூன்று மாதம் கழித்து மீண்டும் கலவானைக்குச் சென்றேன். மருமகன் பஸ் நிலையத்துக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்டான். புறப்படுமுன் காரைச் சுற்றி வந்து, நான்கு டயரையும் விரலால் அழுத்திப் பார்த்தான். நான் எதுவும் கேட்கவில்லை. இறப்பர்க் காட்டின் ஈர முடக்கு வந்தபொழுது, அதற்கு வெகு முன்னரே வேகத்தைக் குறைத்தான். பின்சில்லு சிறிது முனகிற்று. “கேட்டீங்களா மாமா, இப்ப இது சொல்லுது” என்றான்.

அவன் கைத்தொலைபேசியின் முகப்பில் அந்தச் சிவப்புக் காரின் படம் இன்னமும் உள்ளது. அதை அகற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வரும் ஏப்பிரலில் மகாகஸ்தொட்டைக்கு அவனை அழைத்துச் செல்வதாக வாக்களித்திருக்கிறேன். சாம்பல் நிறக் காரிலேயே செல்வோம், அவனே செலுத்துவான். அங்கு சென்று, சிவப்பு வண்டிகள் மலையேறுவதை இருவருமாக ஓரத்தில் நின்று பார்ப்போம்.